தணிவும் முழக்கமும்

ருஷ்ய நாட்டு இசைமேதை சாய்கோவ்ஸ்கி 1893-ஆம் ஆண்டில் எழுதி முடித்த தமது ஆறாவது சிம்பொனியின் முதல் அங்கத்தில், காதலும் ஏக்கமும் கலந்ததொரு மெட்டைப் பிடில்களில் தவழவிட்டு, பிறகு அதைச் சிறிது சிறிதாக ஒடுக்கி, கடைசியில் ஒரேயொரு காற்று வாத்தியத்தின் மூச்சாக அது தேய்ந்து மறையும் கட்டத்திலே, மிருதுவாக வாசிக்க வேண்டும் என்பதைக் குறிக்கும் 'பி' என்னும் எழுத்தை ஆறு முறை அடுக்கி எழுதியிருக்கிறார். இரண்டு, மிஞ்சினால் மூன்று எழுத்துக்களோடு நின்றுவிடும் வழக்கத்தை மீறி அவர் ஏன் அவ்வாறு செய்தார் என்பது அடுத்த கணத்திலேயே விளங்கிவிடுகிறது. காது கூர்மையாகி, மனம் முழுவதும் அந்த ஒற்றை நாதத்தில் ஒடுங்கியிருக்கும் அத்தருணத்தில், வாத்தியக் கோஷ்டி முழுவதும் தன் பலமனைத்தையும் திரட்டிக்கொண்டு திடீரென்று வெடித்தெழுகிறது.

இதற்கு 98 ஆண்டுகளுக்குப் பின்னர், 1991 செப்டம்பரில், அமெரிக்காவின் வடமேற்குக் கோடியிலிருந்து வந்த நிர்வாணா என்ற மூவர் குழு 'ஸ்மெல்ஸ் லைக் டீன் ஸ்பிரிட்' என்னும் பாட்டை வெளியிட்டது. அதன் சரணத்தில் கிதாரிலிருந்து இரண்டே இரண்டு சுரங்கள் சோம்பலாகச் சொட்ட, பாடுகிறவரின் குரல் முணுமுணுப்பைத் தாண்டாமல் நகர்கிறது. பல்லவி வந்ததும் அதே கிதார் கர்ஜிக்க, அதே குரல் தொண்டை கிழியக் கூவுகிறது. முன்னதை இயற்றியவர் ஐரோப்பிய சாஸ்திரிய சங்கீதத்தின் பயிற்சி முழுவதையும் பெற்றுத் தேர்ந்த பண்டிதர். பின்னதை முக்கியமாக இயற்றிய கர்ட் கோபேன் எந்தச் சங்கீதக் கல்லூரியிலும் பயிலாத இளைஞர். ஆயினும் ஒரு விஷயத்தில் இருவரும் ஒரே ஞானம் படைத்தவர்கள். உணர்ச்சி என்பது தனியே நிற்கும்போது தன் அளவைக் காட்டுவதில்லை; தனக்கு மாறான இன்னோர் உணர்ச்சியின் அருகே வைக்கப்படும்போதுதான் அதன் உயரமும் ஆழமும் நம் நெஞ்சில் பதிகின்றன. செய்யுளுக்கு அழகு தரும் தொடைகளை வகுத்த நம் யாப்பிலக்கணத்தார், மோனையோடும் எதுகையோடும் முரணையும் ஒரு தொடையாகச் சேர்த்தெண்ணியது இந்த உண்மையை உணர்ந்தேயாகும். இந்த முரணைச் சிம்பொனி எவ்வாறு ஆள்கிறது, ராக் இசை எவ்வாறு ஆள்கிறது, இரண்டும் எங்கே பிரிந்து எங்கே கூடுகின்றன என்பதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

ஐரோப்பிய சங்கீதத்தில் முரணுக்கு இத்தனை முக்கியத்துவம் ஆதியிலிருந்தே இருந்துவிடவில்லை. பாக், ஹாண்டெல் முதலியோர் வாழ்ந்த பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதி வரையில், ஓர் அங்கம் சோகத்தில் தொடங்கினால் சோகத்திலேயே நடந்து சோகத்திலேயே முடிவதும், களிப்பில் தொடங்கினால் களிப்பிலேயே முடிவதும் பொதுவான மரபாக இருந்தது. உணர்ச்சி மாற வேண்டுமானால் அந்த அங்கம் முடிந்து அடுத்தது ஆரம்பமாக வேண்டும். அந்நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஜெர்மனியின் மான்ஹைம் நகரத்தில், கார்ல் தியோடோர் என்ற சிற்றரசரின் சபையில், யோஹான் ஸ்டாமிட்ஸ் என்பவர் பயிற்றுவித்த வாத்தியக் கோஷ்டி, மெல்லிய நாதத்தில் தொடங்கிப் படிப்படியாகப் பெருகிப் பெருமுழக்கமாக முடியும் வாசிப்பு முறையை அப்பழுக்கின்றிச் செய்துகாட்டி ஐரோப்பா முழுவதும் கீர்த்தி பெற்றது. இளைஞரான மோட்ஸார்ட் 1777-இல் அங்கே சென்று சில மாதங்கள் தங்கி அக்கோஷ்டியின் திறமையைக் கண்டு வியந்தார். இதே காலத்தில், ஒரே அங்கத்திற்குள் குணத்தால் வேறுபட்ட இரண்டு மெட்டுக்களை எதிரெதிரே நிறுத்தி, அவற்றை மோதவிட்டு, இறுதியில் சமாதானப்படுத்தும் அமைப்பும் வேரூன்றியது. சிம்பொனி என்னும் இசைவடிவம் இந்த இரண்டு கண்டுபிடிப்புக்களின் மீது எழுந்து நின்றதென்று சொல்லலாம்.

முரணின் மிக எளிய உருவத்தைக் காண விரும்புகிறவர்கள் ஹைடனுடைய 94-ஆவது சிம்பொனியின் இரண்டாம் அங்கத்தைக் கேட்க வேண்டும். குழந்தைகளும் பாடக்கூடிய ஒரு சிறு மெட்டு மெதுவாக வருகிறது. அதே மெட்டு முன்னிலும் மென்மையாக மறுபடியும் வருகிறது. அது முடியும் இடத்தில் முரசும் மற்றெல்லா வாத்தியங்களும் சேர்ந்து ஒரே அடியாக முழங்குகின்றன. 1792 மார்ச்சில் லண்டன் மாநகரில் இது முதன்முறையாக அரங்கேறியபோது சபையினர் திடுக்கிட்டு மகிழ்ந்தனர். தூங்குகிறவர்களை எழுப்புவதற்காக இப்படிச் செய்தீரோ என்று பிற்காலத்தில் ஒருவர் கேட்டதற்கு, அது தம் நோக்கமன்று என்றும், புதுமையான ஒன்றைச் செய்து சபையினரை வியக்கவைக்க விரும்பியதாகவும் ஹைடன் விடை கூறினார். அந்த முழக்கத்துக்குப் பிறகு, அம்மெட்டு எத்தனை முறை அமைதியாகத் திரும்பி வந்தாலும், நாம் அதைப் பழைய நிச்சிந்தையோடு கேட்பதில்லை. இப்போது வருமோ, இனி வருமோ என்ற எதிர்பார்ப்பு நம்மோடு கூடவே நடக்கிறது. முரணின் சக்தி அது நிகழும் கணத்தோடு முடிந்துவிடுவதில்லை, அதற்குப் பின்வரும் அமைதியையும் அது மாற்றிவிடுகிறது என்ற பெரிய தத்துவம் இந்தச் சிறிய விளையாட்டிலேயே அடங்கியிருக்கிறது.

ஆயினும் சத்தத்தின் ஏற்றத்தாழ்வு மட்டுமே சிம்பொனிக்காரரின் ஆயுதம் அன்று. அதைவிட நுட்பமான ஆயுதம் சுரங்களின் அமைப்பில் இருக்கிறது. மேல்நாட்டார் மேஜர் என்று சொல்லும் சுரவரிசை நமது சங்கராபரணத்தை ஒத்தது. மைனர் என்பது நடபைரவியையோ கீரவாணியையோ ஒத்தது. இரண்டுக்குமுள்ள முதன்மையான வித்தியாசம் காந்தாரத்தில் இருக்கிறது: அந்தர காந்தாரம் ஒலித்தால் தெளிவும் மகிழ்ச்சியும் தோன்றும் என்றும், சாதாரண காந்தாரம் ஒலித்தால் துயரமும் கனமும் தோன்றும் என்றும் பல தலைமுறைகளாக அந்நாட்டு ரசிகர்களின் செவி பழகியிருக்கிறது. ஆகவே ஒரு துயரமான மைனரிலிருந்து ஒளிமிக்க மேஜருக்குச் செல்வதென்பது அவர்களுக்கு ஓர் உலகத்திலிருந்து மற்றோர் உலகத்துக்குச் செல்வதாகும்; அந்தப் பயணத்துக்கு வழி அமைப்பதே சிம்பொனி இயற்றுகிறவரின் தலையாய கலை.

அத்தகைய வழிகளில் தலைசிறந்தது பீதோவனுடைய ஐந்தாவது சிம்பொனியில் இருக்கிறது. 1808 டிசம்பர் 22-ஆம் தேதி, வியன்னா நகரின் நாடக அரங்கமொன்றில், குளிர் தாங்காமல் ஜனங்கள் நடுங்கிக்கொண்டிருந்த ஏறக்குறைய நான்கு மணி நேரக் கச்சேரியில் அரங்கேறிய அந்தச் சிருஷ்டி, மைனரின் இருளில் தொடங்கி மேஜரின் ஜோதியில் முடிகிறது. மூன்றாம் அங்கத்தின் கடைசியில், தந்தி வாத்தியங்கள் நீண்டதொரு சுரத்தை அசைவின்றிப் பிடித்துக்கொண்டிருக்க, டிம்பனி முரசு மட்டும் மிக மென்மையாகத் தட்டிக்கொண்டேயிருக்கிறது. பிடில்கள் இருட்டில் வழி தேடுவதுபோல் அடியடியாக மேலே ஏறுகின்றன. எங்கே போகிறோம் என்பது கேட்கிறவருக்குத் தெரிவதில்லை. தெரியாத அந்த நிலையை ஆசிரியர் நீட்டிக்கொண்டே போகிறார். கடைசிச் சில தாளங்களுக்குள் நாதம் பொங்கிப் பெருக, இடைவெளியே இல்லாமல் நான்காம் அங்கம் பிறந்துவிடுகிறது. அந்தக் கணத்துக்கென்றே அதுவரை மௌனமாக உட்காரவைக்கப்பட்டிருந்த டிராம்போன்களும், கீச்சென்று உயரத்தில் ஒலிக்கும் பிக்கோலோவும், அடியாழத்தில் முழங்கும் பெரிய பஸூனும் முதன்முறையாக வாய் திறக்கின்றன. அந்த வெற்றி நம்மை ஆட்கொள்வதற்கு அதன் சத்தம் காரணமன்று. இருபது நிமிஷத்துக்கும் மேலான இருளை நாமும் கூடவே கடந்து வந்திருக்கிறோம் என்பதே காரணம். வெற்றியின் நடுவிலேயே மூன்றாம் அங்கத்தின் நிழலை ஒருமுறை திரும்ப வரவழைத்து, துயரம் அழிந்துவிடவில்லை, வெல்லப்பட்டிருக்கிறது என்று பீதோவன் நினைவூட்டுகிறார்.

பீதோவன் வழி அமைத்தார் என்றால், பின்வந்த மாலெர் வழியே இல்லாமல் இரண்டு உணர்ச்சிகளைத் தோளோடு தோள் உரசும்படி நிறுத்தினார். 1889-இல் புடாபெஸ்ட் நகரில் அரங்கேறிய அவருடைய முதல் சிம்பொனியின் சவ ஊர்வல அங்கத்தில், ஐரோப்பியக் குழந்தைகள் பாடும் பிரசித்தமான விளையாட்டுப் பாட்டொன்று மைனராக மாற்றப்பட்டுத் துக்கத்தோடு நடக்கிறது. அதன் நடுவே தெருப் பாட்டுக்காரர்களின் மலிவான குதூகலம் சற்றும் கூச்சமின்றி நுழைகிறது. 1910-ஆம் ஆண்டில் மனோதத்துவ மேதை ஃப்ராய்டைச் சந்தித்தபோது, தாய் தந்தையரின் கடுமையான சண்டையைத் தாங்காமல் சிறுவயதில் தாம் வீட்டைவிட்டுத் தெருவுக்கு ஓடியதையும், அங்கே ஒருவன் பெட்டிவாத்தியத்தில் வேடிக்கைப் பாட்டொன்றை வாசித்துக்கொண்டிருந்ததையும், அன்றுமுதல் ஆழ்ந்த துயரமும் அற்பமான வேடிக்கையும் தம் மனத்தில் பிரிக்கமுடியாமல் ஒட்டிக்கொண்டதையும் மாலெர் கூறியதாக ஃப்ராய்டின் சரித்திரத்தை எழுதியவர் பதிவு செய்திருக்கிறார். முதல் அரங்கேற்றத்தில் சபையினர் குழம்பிப்போனார்கள். பிற்காலத்து ராக் இசைஞர்கள் சர்வ சாதாரணமாகக் கையாண்ட வெட்டுமுறையை மாலெர் அப்போதே கண்டுவிட்டார்.

இனி ராக் இசைக்கு வருவோம். இங்கே சூழ்நிலை முற்றிலும் வேறு. நாற்பது நிமிஷம் கிடையாது, நான்கு நிமிஷமே உண்டு. எண்பது வாத்தியக்காரர்கள் இல்லை, மூன்று நான்கு பேரே உண்டு. ஆனால் சிம்பொனிக்காரர்களுக்குக் கிடைக்காத இரண்டு சாதனங்கள் இவர்களுக்கு வாய்த்தன. ஒன்று மைக்: காதோடு ரகசியம் பேசும் குரலையும் ஆயிரக்கணக்கானவர்களுக்குக் கேட்கச் செய்வது அது. மற்றொன்று மின்சாரக் கிதாரின் நாதத்தை வேண்டுமென்றே சிதைக்கும் ஒலிபெருக்கி. பெருக்கியைத் தாங்கும் அளவுக்கு மேல் முடுக்கினால் ஒலியலையின் சிகரங்கள் வெட்டுண்டு, மூலநாதத்தில் இல்லாத பல உபநாதங்கள் பிறக்கின்றன; ஒரே தந்தியிலிருந்து ஒரு கூட்டமே கத்துவதுபோன்ற அடர்த்தி உண்டாகிறது. இங்கிலாந்தின் கிங்க்ஸ் குழுவைச் சேர்ந்த டேவ் டேவிஸ், 1964-இல் வெளிவந்த பாட்டொன்றுக்காகத் தம் ஒலிபெருக்கியின் காகிதக் கூம்பைச் சவர பிளேடால் கீறி அந்தக் கரகரப்பை வரவழைத்தது பிரசித்தமான செய்தி. இதற்கென்றே காலால் அழுத்தும் பெடல்களும் வந்தன. பீதோவனின் கோஷ்டியில் பல கைகள் சேர்ந்து சிறுகச் சிறுகச் சாதித்த மாற்றத்தை, இங்கே ஒரு பாதம் ஒரு கணத்தில் சாதித்துவிடுகிறது.

இதோடு இன்னொரு நுட்பமும் சேர்ந்துகொண்டது. கரகரப்பூட்டப்பட்ட கிதாரில் காந்தாரத்தைச் சேர்த்து மீட்டினால் உபநாதங்கள் ஒன்றோடொன்று மோதி நாதம் கலங்கிவிடுகிறது. ஆகவே ராக் கிதார்க்காரர்கள் பெரும்பாலும் ஷட்ஜத்தையும் பஞ்சமத்தையும் மட்டுமே சேர்த்து மீட்டுகிறார்கள். பவர் கார்டு என்று வழங்கும் இந்தக் கூட்டில் மேஜர், மைனர் என்ற பேதத்தை நிர்ணயிக்கும் காந்தாரம் இல்லாததால், அது மகிழ்ச்சியா துயரமா என்று தனியே சொல்ல முடியாது. சிம்பொனிக்காரர் சுரத்தை மாற்றி உண்டாக்கிய உணர்ச்சி பேதத்தை, இவர்கள் நாதத்தின் நிறத்தை மாற்றியே உண்டாக்க வேண்டியவர்களாயினர்.

ஆரம்பத்தில் ராக் இசையின் பெரியவர்கள் சிம்பொனியின் வழியையே தழுவினார்கள். பீட்டில்ஸ் குழுவினர் 1967-இல் பதிவு செய்த 'எ டே இன் த லைஃப்' என்ற பாட்டில், ஜான் லெனன் எழுதிய கனவுபோன்ற பகுதிக்கும் பால் மக்கார்ட்னி எழுதிய சுறுசுறுப்பான பகுதிக்கும் நடுவே ஒரு வெற்றிடம் இருந்தது. 40 வாத்தியக்காரர்களை வரவழைத்து, 24 தாளங்களுக்குள் அவரவர் வாத்தியத்தின் தாழ்ந்த சுரத்திலிருந்து உயர்ந்த சுரத்துக்கு அவரவர் வேகத்தில் ஏறும்படி செய்து, அந்த வெற்றிடத்தையே பாட்டின் பயங்கரமான பாலமாக்கினார்கள். லெட் செப்பெலின் குழுவின் 'ஸ்டேர்வே டு ஹெவன்' 1971-இல் வந்தது. மின்சாரமற்ற ஒற்றைக் கிதாரும் மரக்குழல்களும் மாத்திரமே ஒலிக்கத் தொடங்கும் அந்த எட்டு நிமிஷப் பாட்டில், நான்கு நிமிஷங்கள் கடந்த பிறகே டிரம்ஸ் நுழைகிறது. வேகமும் அடர்த்தியும் கூடிக்கொண்டே போய் மின்சாரக் கிதாரின் ஆவேசத்தில் உச்சியைத் தொட்டு, கடைசி அடியைத் தனிக்குரலிடம் ஒப்படைத்துவிட்டு முடிகிறது. ஒளியும் நிழலும் மாறிமாறி வரவேண்டும் என்பதே தம் குழுவின் கொள்கை என்று ஜிம்மி பேஜ் பலமுறை கூறியிருக்கிறார். மான்ஹைம் கோஷ்டியார் உயிரோடிருந்து இதைக் கேட்டிருந்தால் தங்கள் வம்சம் என்று அடையாளம் கண்டிருப்பார்கள்.

பாஸ்டன் நகரத்துப் பிக்ஸீஸ் குழுவினர் 1980-களின் பிற்பகுதியில் பாலத்தையே எடுத்துவிட்டார்கள். 1989-இல் வெளிவந்த அவர்களுடைய 'டேம்' என்ற பாட்டு இரண்டு நிமிஷம்கூட நீடிப்பதில்லை. மூன்றே சுரக்கூட்டுக்கள் தொடக்கம் முதல் முடிவு வரை சுழல்கின்றன. சரணத்தில் கிசுகிசுப்பு, பல்லவியில் அலறல், இடையில் எந்த ஏற்பாடும் இல்லை. தாம் அவர்களைப் பின்பற்றியே எழுதியதாகக் கோபேன் 1994-ஆம் ஆண்டுப் பேட்டியொன்றில் மறைக்காமல் ஒப்புக்கொண்டார். 'ஸ்மெல்ஸ் லைக் டீன் ஸ்பிரிட்' பாட்டிலும் சரணத்துக்கும் பல்லவிக்கும் அடிப்படையான நான்கு கூட்டுக்கள் ஒன்றேதான். வீடு மாறவில்லை, வீட்டுக்குள் இருப்பவரின் மனம் மாறிவிட்டது. ஓர் இளைஞன் தன் கோபத்தை அடக்கிக்கொண்டு நடமாடுவதும், அடக்கமுடியாமல் வெடிப்பதும், மறுபடி அதே இடத்துக்குத் திரும்பி அடங்குவதுமாகிய அனுபவத்தை இதைவிட உண்மையாகச் சொல்லும் அமைப்பு வேறில்லை. எங்கும் போய்ச்சேராத துயரத்துக்கு, எங்கும் போய்ச்சேராத சுரக்கூட்டுக்களே பொருத்தம்.

இவ்விடத்தில் இரண்டு கலைகளின் வேற்றுமை தெளிவாகிறது. சிம்பொனி முரணை ஒரு தர்க்கமாக நடத்துகிறது: இந்தத் துயரத்திலிருந்து அந்த மகிழ்ச்சி எவ்வாறு பிறக்கக்கூடும் என்ற கேள்விக்கு அது படிப்படியாக விடை தேடுகிறது. ராக் இசை முரணை ஒரு நிலையாகக் காட்டுகிறது: இரண்டும் ஒரே மனிதனுக்குள் ஒரே சமயத்தில் இருக்கின்றன என்று அறிவித்துவிட்டு, காரணம் கூறாமல் நின்றுவிடுகிறது. முன்னது காலத்தை நம்புகிறது. பின்னது கணத்தை நம்புகிறது. ஆனால் கேட்கிறவரின் மனம் இரண்டிலும் ஒரே விதமாகவே இயங்குகிறது. எதிர்பார்ப்பு தடைப்படும்போதோ தாமதப்படும்போதோதான் சங்கீதத்தில் உணர்ச்சி பிறக்கிறது என்று லெனர்ட் மேயர் என்ற அமெரிக்க அறிஞர் 1956-இல் எழுதிய நூலில் நிலைநாட்டினார். நிர்வாணாவின் முதல் பல்லவிக்குப் பின்வரும் இரண்டாம் சரணத்தைக் கவனியுங்கள். முதல் சரணத்தைப் போலவே அதுவும் மெதுவாக இருக்கிறது, ஆனால் முதல் சரணத்தில் சோம்பலாகத் தோன்றியது இப்போது பதுங்கலாகத் தோன்றுகிறது. ஹைடனுடைய சிறு மெட்டுக்கு நேர்ந்த கதியே இதற்கும் நேர்ந்திருக்கிறது.

முரணின் இந்தப் பின்னோக்கிய சக்தியை அதன் எல்லைவரை கொண்டுசென்றவர் சாய்கோவ்ஸ்கி. அவருடைய ஆறாவது சிம்பொனியின் மூன்றாம் அங்கம் கம்பீரமான அணிவகுப்பாக எழுந்து வெற்றி முழக்கத்தோடு முடிகிறது. சிம்பொனியே முடிந்துவிட்டதென்று எண்ணி அந்த இடத்தில் சபையினர் கைதட்டிவிடுவது இன்றும் பல நகரங்களில் நடக்கிறது. அந்தக் கரகோஷத்தின்மேல் நான்காம் அங்கம் புலம்பலாக இறங்குகிறது. மகிழ்ச்சியில் முடிய வேண்டும் என்ற மரபைக் கைவிட்டு, தாழ்ந்த தந்திகளின் மந்தமான துடிப்பில் அது அடங்கிவிடும்போது, சற்றுமுன் கேட்ட வெற்றி வெறும் ஆரவாரமாக இருந்ததென்று நாம் உணர்கிறோம். பீதோவனின் வழியை அப்படியே திருப்பிப்போட்ட இந்த முடிவை, அதன் முதல் அரங்கேற்றத்தைத் தாமே நடத்தி முடித்த பின் ஒன்பதாம் நாள் காலமான ஆசிரியர் தம் கடைசிச் சொல்லாக விட்டுச்சென்றார்.

இவ்வளவு சக்தி வாய்ந்த முரண் நம் காலத்தில் ஒரு தீங்குக்கு ஆளாயிற்று. மெல்லிய ஒலிக்கும் பெரிய ஒலிக்கும் நடுவே கிராமபோன் தட்டைவிட மிகப் பரந்த இடைவெளியைத் தாங்கவல்ல சி.டி. 1982-இல் விற்பனைக்கு வந்தது. ஆனால் வானொலியில் தங்கள் பாட்டே பிறர் பாட்டைவிட உரக்கக் கேட்க வேண்டும் என்ற போட்டியில், பதிவாளர்கள் மெல்லிய பகுதிகளை உயர்த்தி, உயர்ந்த பகுதிகளை நசுக்கி, எல்லாவற்றையும் ஒரே மட்டமாக்கினார்கள். மெட்டாலிகா குழுவின் 2008-ஆம் ஆண்டு இசைத்தொகுப்பு இவ்வாறு நசுக்கப்பட்டதைக் கண்டு, அக்குழுவின் ரசிகர்களே ஆயிரக்கணக்கில் கையெழுத்திட்டு, மறுபடி பதப்படுத்தி வெளியிட வேண்டுமென்று விண்ணப்பம் செய்தார்கள். அவர்கள் கேட்டது கூடுதல் சத்தத்தை அன்று, தணிவைத்தான் கேட்டார்கள். இப்போது இணையத்தில் பாட்டுக்களை வழங்கும் நிறுவனங்கள் பல, எல்லாப் பாட்டுக்களின் சராசரி ஒலியளவையும் தாமே சமப்படுத்திவிடுவதால், இந்தப் போட்டிக்குரிய காரணம் குறைந்திருப்பது நல்ல செய்தி.

ராக் இசையை வெறும் கூச்சல் என்று தள்ளுகிற பெரியவர்களும், சிம்பொனியைத் தூக்கம் வரவழைக்கும் நீண்ட வாசிப்பு என்று ஒதுக்குகிற இளைஞர்களும் ஒரே தவற்றைச் செய்கிறார்கள். இருவரும் பாதியை மட்டுமே கேட்கிறார்கள். முன்னவர் காதில் முழக்கம் மட்டும் விழுகிறது, பின்னவர் காதில் தணிவு மட்டும் விழுகிறது. துயரத்தின் வழியே மகிழ்ச்சிக்குப் போகும் பாதையை அறிய விரும்புகிறவருக்குச் சிம்பொனியைவிடச் சிறந்த ஆசான் இல்லை. இரண்டும் ஒன்றாகக் கொதிக்கும் மனத்தின் உண்மையை அறிய விரும்புகிறவருக்கு ராக் இசை குறைந்த ஆசானும் அன்று. ஆகவே வாசகர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பீதோவனின் ஐந்தாவது சிம்பொனியின் கடைசி இரண்டு அங்கங்களையும், லெட் செப்பெலினின் அந்த எட்டு நிமிஷப் பாட்டையும், ஒரே மாலையில், வேறு வேலை எதையும் கையில் எடுக்காமல், ஒன்றன்பின் ஒன்றாகக் கேளுங்கள். மிக மெல்லிய பகுதி தெளிவாகக் கேட்கும்படி ஒலியளவை ஒருமுறை சரிசெய்துகொண்டு, முடியும் வரையில் அதை மாற்றாதிருங்கள்.